விளக்கம்: வண்ணமா, கறுப்பு வெள்ளையா? உங்கள் படத்துக்கு எது பொருந்தும்?

ஜெராம் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் படகேறி ‘ஸ்கை மிரர்’ மணல்திட்டு. மதியம் பந்தாய் ரெமிஸில் நண்டுக் கறி. மாலையில் கோல சிலாங்கூர் புக்கிட் மெலாவத்தியில் குரங்குகள். திரும்பும் வழியில் தோட்டத்துப் பாட்டி வீட்டில் ஒரு தேநீர். வீடு வந்து சேரும்போது கைப்பேசியில் எப்படியும் இருநூறு படங்கள் சேர்ந்திருக்கும்.

அதில் பத்தைப் படவரியில் போடலாம் என்று உட்காருகிறீர்கள். விரல் தானாக ‘மோனோ’ ஃபில்டர் பக்கம் போகிறது. பாட்டியின் படம் கறுப்பு வெள்ளையானதும், “அடடா, ஆர்ட் ஃபிலிம் மாதிரி இருக்கே!” என்று தோன்றுகிறது.

கொஞ்சம் பொறுங்கள். அந்த ஒரு தட்டலில் படத்திலிருந்து என்ன போனது, என்ன வந்தது? பாட்டியின் படத்துக்கு அது நியாயமா? இந்த விளக்கம் அதைப் பற்றித்தான்.

சுருக்கமாக:

• நிறம்தான் படத்தின் செய்தி என்றால் வண்ணத்தில் விடுங்கள்.
• வெளிச்சம், வடிவம், முகபாவம்தான் செய்தி என்றால் கறுப்பு வெள்ளை உதவும்.
• இன்று நடக்கும் ஒன்றை ‘பழைய காலம்’ போலக் காட்டத்தான் கறுப்பு வெள்ளை என்றால், இன்னொரு தடவை யோசியுங்கள்.
• எதைத் தேர்ந்தெடுத்தாலும் வண்ண மூலப் படத்தை அழிக்காதீர்கள்.

கறுப்பு வெள்ளை எப்போது ஒரு ‘தேர்வு’ ஆனது?

நம் தாத்தா, பாட்டி காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. ஸ்டூடியோவில் எடுத்தால் கறுப்பு வெள்ளைதான். லூமியேர் சகோதரர்களின் வண்ணத் தகடு 1907இலும், கோடக் நிறுவனத்தின் கோடக்ரோம் ஃபிலிம் 1935இலும் விற்பனைக்கு வந்துவிட்டன. ஆனாலும் சாதாரணக் குடும்பங்களின் கைக்கு வண்ணம் வந்து சேரப் பல ஆண்டுகள் பிடித்தன.

தமிழில் முழுநீள வண்ணப் படமாக முதலில் வந்தது ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956). மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் தொடங்கியது. தீபகற்பத்தில் வண்ண ஒளிபரப்பு வந்தது 1978 டிசம்பரில். அதாவது பதினைந்து வருடங்கள் நம் வீட்டுப் பெரியவர்கள் செய்தி, நாடகம், கால்பந்து எல்லாவற்றையும் சாம்பல் நிறத்தில்தான் பார்த்தார்கள்.

வண்ணம் சாதாரணமான பிறகுதான் கறுப்பு வெள்ளைக்குத் தனி மதிப்பு வந்தது. வண்ணம் என்றால் விளம்பரம், சுற்றுலா அட்டை. கறுப்பு வெள்ளை என்றால் கலை என்ற எண்ணம் மேற்கில் நீண்ட நாள் இருந்தது. 1976இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வில்லியம் எகல்ஸ்டனின் வண்ணப் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். பாட்டி படத்தைப் பார்த்து நமக்கு ‘ஆர்ட்’ என்று தோன்றுவதற்குப் பின்னால் இந்தப் பழைய பழக்கமும் இருக்கிறது.

நிறத்தை எடுத்தால் உண்மையில் என்ன நடக்கிறது?

கைப்பேசி ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களாகச் சேமிக்கிறது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது அந்த மூன்றும் ஓர் எண்ணாகச் சுருங்குகின்றன. பரவலாகப் பயன்படும் ஒரு கணக்கில் சிவப்புக்கு சுமார் 21 விழுக்காடு, பச்சைக்கு 72 விழுக்காடு, நீலத்துக்கு 7 விழுக்காடு எடை. நம் கண்ணுக்குப் பச்சை பிரகாசமாகவும் நீலம் மங்கலாகவும் தெரிவதால் இந்தப் பங்கீடு.

ஓர் உதாரணம். சிவப்புச் சேலை கட்டிய ஒருவர் கரும்பச்சைச் செடி முன்னால் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேலையின் எண்கள் 200, 30, 30. இலையின் எண்கள் 20, 84, 20. கணக்குப் போட்டால் இரண்டுமே ஏறக்குறைய 66. வண்ணத்தில் பளிச்சென்று பிரிந்து தெரிந்த சேலையும் செடியும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகிக் கலந்துவிடும். “நேர்ல நல்லா இருந்துச்சு, மாத்தினதும் சப்புன்னு ஆயிடுச்சு” என்று சொல்வோமே, காரணம் பெரும்பாலும் இதுதான்.

எப்போது வண்ணத்தில் விட வேண்டும்?

புக்கிட் மெலாவத்திக்குப் போனவர்களுக்கு அங்குள்ள லூத்தோங் குரங்குகளைத் தெரியும். பெரியவை சாம்பல் நிறம். ஆனால் பிறந்த குட்டி பளபளக்கும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சில மாதங்களில் அதுவும் சாம்பலாகிவிடும். தாயின் மடியில் குட்டி இருக்கும் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் குட்டியின் ஆரஞ்சும் வெறும் சாம்பலாகிவிடும். அந்தக் காட்சியின் அதிசயமே போய்விட்டது.

செம்பனையும் அப்படித்தான். ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொதுவாகக் காயாக இருக்கும் குலை கருத்திருக்கும், பழுத்தது செவ்வாரஞ்சு. குலை வெட்டுபவர் அண்ணாந்து பார்த்து அந்த நிறத்தையும், கீழே விழுந்து கிடக்கும் உதிரிப் பழங்களையும் வைத்துத்தான் வெட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். காயை வெட்டினால் எண்ணெய் குறையும். ஆக, அவருடைய வேலைத்திறனே நிறத்தைப் படிப்பதில் இருக்கிறது. அவரைப் பற்றிய படத்தில் நிறத்தை எடுத்துவிட்டால் அந்தத் திறமை படத்தில் தெரியாது.

கம்போங் குவாந்தான் மின்மினிகளின் பசுமை கலந்த மஞ்சள் ஒளி, செகிஞ்சான் வயல் பச்சையிலிருந்து பொன்னிறத்துக்கு மாறும் வாரங்கள், தோட்டத்துக் கோயில் திருவிழாவின் மஞ்சளும் குங்குமமும் வேப்பிலையும் எல்லாம் இந்த வகைதான்.

எப்போது கறுப்பு வெள்ளை உதவும்?

ஸ்கை மிரரையே எடுத்துக்கொள்வோம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில், கடல் நன்றாக வற்றும் நேரத்தில் மட்டும் அந்த மணல்திட்டு வெளியே தெரியும். மேலே வானம், கீழே ஈர மணலில் அதே வானம், நடுவில் மனித உருவங்கள். மேகம் மூடிய நாளில் அங்கே நிறம் என்று பெரிதாக எதுவும் இருக்காது. உருவமும் பிம்பமும் எப்படி இணைகின்றன என்பதுதான் படம். கறுப்பு வெள்ளை அதைக் கூர்மையாக்கும்.

பால்வெட்டும் அப்படியே. விடியாத நேரம், தலைவிளக்கின் வெளிச்சம், கருத்த பட்டை, அதில் சாய்வாக ஒரு வெட்டு, அதில் வழியும் வெள்ளைப் பால். காட்சியே ஏற்கெனவே கறுப்பு வெள்ளையில்தான் இருக்கிறது.

மூன்றாவது, தேவையில்லாத நிறம் குறுக்கே வரும் படங்கள். கல்யாண மண்டபத்தில் அப்பா அழுகிறார். நல்ல தருணம். ஆனால் பின்னால் ஊதா விளக்கு, பச்சை பிளாஸ்டிக் நாற்காலி, முகத்தில் டியூப்லைட்டின் வெளிறிய நிறம். கண் அப்பாவின் முகத்துக்குப் போவதற்குள் நாற்காலியில் நின்றுவிடுகிறது. இங்கே நிறத்தை எடுத்தால் முகம் மட்டும் மிஞ்சும்.

ஒரு எச்சரிக்கை: மங்கலான, ஆடிப்போன, கவனமில்லாமல் எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளை காப்பாற்றாது. வெளிச்சமும் நிழலும் நன்றாகப் பிரிந்திருக்கும் படம்தான் அதில் நிற்கும்.

நம் தோல் நிறத்தைக் கறுப்பு வெள்ளை என்ன செய்கிறது?

இது நம்மைத் தனியாகப் பாதிக்கும் விஷயம், அதனால் கவனமாகப் படியுங்கள்.

ஆரம்பகாலக் கறுப்பு வெள்ளைத் தகடுகளுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. பச்சை வரை உணரும் ‘ஆர்த்தோகுரோமாட்டிக்’ முறைக்கு 1873இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் ஃபோகல் வழிகாட்டினார். எல்லா நிறத்தையும் உணரும் ‘பான்குரோமாட்டிக்’ தகடுகள் 1906இல்தான் விற்பனைக்கு வந்தன. அதன் பிறகும் பழைய வகை பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. பழுப்புத் தோலிலிருந்து வரும் ஒளியில் சிவப்பின் பங்கு அதிகம். அதை உணராத ஃபிலிமில் நம் முகம் நிஜத்தைவிடக் கருப்பாக, விவரம் குறைந்து விழும். பழைய தோட்டத்துப் படங்களில் முகங்கள் இருண்டு தெரிந்தால், அதற்கு வெயில் மட்டும் காரணமாக இருக்காது. ஃபிலிமும் காரணமாக இருக்கலாம்.

வண்ணம் வந்தபோதும் சிக்கல் தீரவில்லை. கோடக் தன் அச்சுக்கூடங்களுக்கு நிறத்தைச் சரிபார்க்க அனுப்பிய ‘ஷெர்லி அட்டை’யில் பல்லாண்டுகள் வெள்ளைத் தோல் பெண்ணின் படமே இருந்தது. அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. பழுப்பு நிற வேறுபாடுகள் சரியாக விழவில்லை என்று சாக்லேட், மரச்சாமான் விளம்பரங்கள் செய்தவர்கள் புகார் சொன்ன பிறகே கோடக் அதைத் திருத்த முனைந்தது என்று இதை ஆராய்ந்த கனடா பேராசிரியர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். கூகள் தன் பிக்சல் 6 கைப்பேசியில் கருந்தோலுக்கான ‘ரியல் டோன்’ வசதியைக் கொண்டு வந்தது 2021இல்தான்.

இன்று நீங்கள் செய்ய வேண்டியது எளிது. ஸ்னாப்சீட் செயலியின் கறுப்பு வெள்ளைப் பகுதியில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வடிகட்டிகள் இருக்கின்றன. லைட்ரூமில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி இழுவை இருக்கிறது. நீல வடிகட்டி நம் தோலை இருட்டாக்கி ஒவ்வொரு சுருக்கத்தையும் தழும்பையும் தூக்கிக் காட்டும். ஆரஞ்சை லேசாக ஏற்றினால் முகம் தெளியும். வெள்ளையாக்கும் அளவுக்குப் போகாதீர்கள். நேரில் அவர் எப்படி இருந்தாரோ அந்த அளவில் நிறுத்துங்கள். அதுதான் நியாயம்.

தோட்டம் என்றாலே கறுப்பு வெள்ளையா?

இப்போது பாட்டியின் படத்துக்குத் திரும்புவோம்.

தோட்டத்தைப் பற்றிய படங்கள் பல கறுப்பு வெள்ளையில்தான் வருகின்றன. லயத்து வீடு, தகரக் கூரை, சுருக்கம் விழுந்த கை. உடனே ஒரு கனம் வந்துவிடுகிறது. பார்ப்பவர், “ஐயோ, அந்தக் காலத்துல எவ்வளவு கஷ்டப்பட்டாங்க” என்கிறார்.

சிக்கலே அந்த ‘அந்தக் காலத்துல’தான். படத்தில் இருப்பவர் இன்று உயிரோடு இருப்பவர். அவர் கட்டியிருப்பது ஆரஞ்சுப் பூப்போட்ட கைலி. பக்கத்தில் பேரன் அனுப்பிய புலனச் செய்தி காத்திருக்கும் கைப்பேசி. கூரையில் தொலைக்காட்சித் தட்டு. நிறத்தை எடுத்தால் இவை எல்லாம் பின்னுக்குப் போய், அவர் வரலாற்றுப் புத்தகத்தின் ஒரு பக்கம் ஆகிவிடுகிறார். வரலாற்றின் மீது நாம் பரிதாபப்படலாம். நடவடிக்கை எடுக்கச் சொல்லி யாரையும் கேட்க முடியாது.

வட சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீடு கேட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடினார்கள். இப்படி ஒரு செய்திக்கான படத்தில் கூரையின் துரு சிவப்பாகத் தெரிய வேண்டும். சுவரின் பாசி பச்சையாகத் தெரிய வேண்டும். அப்போதுதான் பார்ப்பவருக்கு இது இந்த மாதம், இந்த மழையில் எடுத்த படம் என்று புரியும்.

உலக அளவிலும் இந்த வாதம் உண்டு. பிரேசிலின் செபாஸ்தியாவோ சல்காதோ உழைப்பாளர்களைப் பற்றி 1993இல் வெளியிட்ட ‘வொர்க்கர்ஸ்’ நூல் முழுக்கக் கறுப்பு வெள்ளை. நிறம் மனிதரிடமிருந்து கவனத்தைத் திருப்பிவிடும் என்பது அவர் எண்ணம். துன்பத்தை அளவுக்கு மீறி அழகாக்குகிறார் என்ற விமர்சனமும் அவரைத் தொடர்ந்தது. எதிர்ப்பக்கத்தில் இந்தியாவின் ரகுபீர் சிங் (1942–1999). வண்ணம்தான் இந்தியக் கண்ணுக்கு இயல்பு என்று வாதாடியவர். 1998இல் வந்த தன் தொகுப்புக்கே ‘ரிவர் ஆஃப் கலர்’ என்று பெயர் வைத்தார்.

இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இருவருமே காரணத்தோடு தேர்ந்தெடுத்தார்கள். ‘சோகமா இருக்கணும், அதனால கறுப்பு வெள்ளை’ என்பது காரணம் ஆகாது.

செய்திப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவது ஏமாற்றா?

பொதுவாக இல்லை. ஏபி செய்தி நிறுவனத்தின் நெறிமுறை, படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றுவதை அனுமதிக்கப்பட்ட திருத்தங்களில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. ஒரு பொருளைச் சேர்ப்பது, நீக்குவதுதான் குற்றம். ஆனால் நிறமே சான்றாக இருக்கும் இடத்தில் எச்சரிக்கை வேண்டும். ஆற்று நீர் கலங்கியிருப்பது, காயம், புகையின் நிறம் போன்றவற்றில் வண்ணத்தை நீக்கினால் சான்றையே நீக்கியதாகிவிடும்.

பழைய படத்துக்கு ஏஐ மூலம் வண்ணம் ஏற்றலாமா?

தாத்தாவின் ஸ்டூடியோ படத்தை ஒரு செயலியில் போட்டால் சில நொடிகளில் வண்ணமாகி வருகிறது. குடும்பப் புலனக் குழுவில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த நிறங்கள் ஊகம். செயலி தான் பார்த்த பல படங்களை வைத்து ‘இப்படி இருந்திருக்கலாம்’ என்று நிரப்புகிறது.

நம் வீட்டுப் படங்களில் இந்த ஊகம் அர்த்தத்தையே மாற்றக்கூடும். சிவப்பை உணராத பழைய ஃபிலிமில் குங்குமம் கறுப்பாக விழும். பாட்டியின் நெற்றியில் கறுப்பாகத் தெரிவது மைப்பொட்டா, குங்குமமா? செயலிக்குத் தெரியாது. வெளிர்மஞ்சள் சேலையும் வெள்ளைச் சேலையும் ஒரே வெளிர்சாம்பலாக இருக்கலாம். அதை வெள்ளை என்று செயலி முடிவுசெய்தால், படம் எடுத்த நாளில் தாத்தா உயிரோடு இருந்தாரா என்பதே குழம்பிப்போகும். அந்தக் காலத்தில் ஸ்டூடியோவில் கையால் வண்ணம் தீட்டியவருக்கு, “சேலை என்ன கலர்மா?” என்று கேட்கவாவது ஆள் எதிரில் இருந்தார்.

2021 ஏப்ரலில் இது பெரிய சர்ச்சையாகவே வெடித்தது. கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் கொல்லப்பட்டவர்களின் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு ஒருவர் வண்ணமேற்ற, ‘வைஸ்’ தளம் அவற்றை வெளியிட்டது. சில முகங்களில் மூலத்தில் இல்லாத புன்னகையும் சேர்க்கப்பட்டிருந்தது தெரியவந்தது. கம்போடிய அரசு கண்டித்தது. தளம் படங்களை நீக்கியது.

வீட்டில் ஆசைக்கு வண்ணமேற்றலாம். ‘செயலி ஏற்றிய வண்ணம்’ என்று படத்தின் கீழ் எழுதுங்கள். அதற்கு முன் வீட்டிலிருக்கும் மூத்தவரிடம் அந்தச் சேலையைப் பற்றிக் கேளுங்கள். நிறத்தோடு ஒரு கதையும் கிடைக்கும்.

ஆல்பத்தில் எது முதலில் அழியும்?

பலர் எதிர்பார்க்காத பதில்: பெரும்பாலும் வண்ணப் படம். நன்றாகக் கழுவி எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளி. அது பல தலைமுறை நிற்கும். வண்ணப் படத்தில் இருப்பவை மூன்று சாயங்கள். 1970கள், 80களின் படங்களில் நீலப்பச்சைச் சாயம் ஆல்பத்துக்குள் இருந்தபடியே மங்கிவிடுவதுண்டு. அதனால்தான் அம்மா அப்பா கல்யாண ஆல்பம் செக்கச்செவேலென்று ஆகிக்கொண்டே வருகிறது. கடலோரப் புழுக்கமும் ஒட்டும் பசைப் பக்கங்களும் கேட்டை வேகப்படுத்தும்.

எனவே அவசரம் வண்ண ஆல்பத்துக்குத்தான். அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் வண்ண முறையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். பழுப்பேறிய நிறமும் கைவண்ணமும் அப்படியே பதிவாகும். பின்பக்கத்தையும் படமெடுங்கள். அங்கே பெயரும் தேதியும் இருக்கலாம். இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள்.

முடிவெடுக்க ஐந்து கேள்விகள்

1. இந்தப் படத்தைத் தொலைபேசியில் ஒருவருக்கு விவரித்தால் நிறத்தின் பெயரைச் சொல்வேனா? ஆம் என்றால் வண்ணம்.
2. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் வெளிச்சமும் இருளும் தெளிவாகப் பிரிகிறதா? ஆம் என்றால் கறுப்பு வெள்ளை தாங்கும்.
3. முக்கியமான ஆளும் பின்னணியும் ஒரே சாம்பலாகக் கலக்கிறதா? அப்படியானால் நிற இழுவைகளைச் சரிசெய்யுங்கள், இல்லையேல் வண்ணத்துக்குத் திரும்புங்கள்.
4. முகம் நேரில் இருந்த அளவில் இருக்கிறதா?
5. படத்தில் இருப்பவரிடம் இரண்டையும் காட்டினால் எதைத் தன் படம் என்பார்?

எப்போதும் வண்ணத்தில் எடுத்து, பிறகு மாற்றுவதே பாதுகாப்பு. கேமராவில் ‘ரா’, ‘ஜேபெக்’ இரண்டையும் சேர்த்துப் பதியும் வசதி இருந்தால், திரையில் கறுப்பு வெள்ளையாகப் பார்த்துக்கொண்டே வண்ணத்தையும் சேமிக்கலாம். கறுப்பு வெள்ளையாக மட்டும் சேமித்த படத்திலிருந்து அசல் நிறத்தை யாராலும் மீட்க முடியாது.

ஐந்தாவது கேள்விதான் முக்கியம். இன்று விளையாட்டாக எடுக்கும் படம் ஒருநாள் பெரிதாக்கப்பட்டு, சட்டமிட்டு, மாலை போட்டுக் கூடத்தில் மாட்டப்படலாம். அந்த நாளில் எந்தப் படம் என்று வீட்டார் பதறிக்கொண்டு தேடுவார்கள். பாட்டி இருக்கும்போதே இரண்டு படங்களையும் அவர் கையில் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். “இந்தச் சேலை உங்க தாத்தா வாங்கிக் குடுத்தது, கலர்லயே வைய்யா” என்று அவர் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால், அந்த மோனோ ஃபில்டரை எடுத்துவிடுங்கள்.